இடையில் ஒருவர்: பேராக் தமிழரின் சொல்லும் இரகசியமும்

பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் குடியேறிய தமிழர், வாழ்க்கையின் முக்கியமான சொற்களை இன்னொருவரின் வாய்வழியாகவோ கைவழியாகவோ சொல்ல வேண்டிய நிலையில் பல தலைமுறைகள் இருந்தனர். தோட்ட நிர்வாகியான துரையிடம் அவர்களுக்காக மேற்பார்வையாளரான கங்காணி பேசினார். ஊருக்குப் போகும் கடிதத்தைப் பள்ளி ஆசிரியர் எழுதினார். உடம்புக்கு என்ன என்பதைத் தோட்ட மருந்தகப் பணியாளரான டிரஸ்ஸர் டாக்டருக்குச் சொன்னார். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் நின்றார். பிற்காலத்தில் தமிழ்ப் படத்தின் வசனத்தைச் சப்டைட்டில் எழுதுபவர் மலாயில் தந்தார். இன்று இந்த வேலைகளில் பலவற்றைச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் செய்கின்றன. இடையாளின் இந்த நெடிய வரலாற்றில் இரண்டு கேள்விகள் மாறாமல் நிற்கின்றன: சொன்னதைச் சரியாகக் கொண்டு சேர்த்தாரா? கேட்டதை வெளியே விடாமல் காத்தாரா?

கங்காணி, கிராணி, டிரஸ்ஸர்

பேராக்கின் பிரிட்டிஷ் ஆலோசகராக இருந்த ஹியூ லோ, 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். ரப்பர் பரவுவதற்கு முன்பே கிரியான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களில் தமிழர் வேலை செய்துவந்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகி ரப்பர் விலை ஏறியதும் சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், சித்தியவான், தெலுக் ஆன்சன் பகுதிகளில் தோட்டங்கள் பரவின. ஆள் கொண்டுவருவதற்காக 1907இல் தமிழர் குடியேற்ற நிதி அமைந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தபின் கங்காணி முறையே முதன்மையாக நின்றது. உரிமம் பெற்ற கங்காணி தன் ஊருக்கும் அக்கம்பக்கத்துக்கும் போய் ஆள் சேர்த்து வந்தார். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை இந்த ஏற்பாடு நீடித்தது.

தோட்டத்தின் படிநிலை மொழியிலும் இருந்தது. உச்சியில் ஆங்கிலம் பேசும் துரை. அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. பல தோட்டங்களில் இவர் யாழ்ப்பாணத் தமிழராகவோ மலையாளியாகவோ இருந்தார். அதற்குக் கீழே கங்காணி, அதற்கும் கீழே லயம் என்ற வரிசை வீடுகளில் குடியிருந்த பால்வெட்டுத் தொழிலாளர். துரைமாரில் பலர் தமிழ் படித்திருந்தனர் என்றாலும், பெரும்பாலோருக்கு அது வேலை ஏவும் அளவுக்கே போதுமானதாக இருந்தது. குறை சொல்லவும் விடுப்புக் கேட்கவும் இடையில் ஒருவர் தேவைப்பட்டார். அந்த ஒருவர் கூலிக் கணக்கையும் கடன் கணக்கையும் கையில் வைத்திருப்பவராகவே இருந்தார்.

விடியற்காலைப் பெரட்டு இதைத் தெளிவாகக் காட்டும். இருள் விலகுமுன் தொழிலாளர் வரிசையில் நிற்பார்கள், பேர் கூப்பிடப்படும், வந்தவர் பேருக்கு நேரே செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறி விழும். உடம்பு முடியாதவர் தனியே விலகி நிற்க வேண்டும். டிரஸ்ஸர் நெற்றியைத் தொட்டு, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, காய்ச்சலா பாசாங்கா என்று தீர்மானிப்பார். அவர் தலையசைத்தால்தான் அன்று வீட்டில் இருக்கலாம். இவ்வளவும் பத்துப் பேர் பார்க்க, பத்துப் பேர் கேட்க நடந்தது. தூக்கமில்லை, மனம் சரியில்லை, சாமி வந்ததுபோல் இருக்கிறது என்பன போன்ற சொற்களுக்கு அந்த வரிசையில் இடமில்லை. யாராவது சொல்லிவிட்டால் மாலைக்குள் லயம் முழுவதும் தெரிந்துவிடும். ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டிய அறைகளில், பாதிச் சுவருக்கு அப்பால் பேசுவது இப்பால் கேட்கும் வீடுகளில், இரகசியம் என்பதே அரிதாயிருந்தது.

கடிதமும் அப்படித்தான். எழுதப் படிக்கத் தெரிந்தவர் குறைவு. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேரோ அதற்குமேலோ உள்ள தோட்டங்களில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வற்புறுத்தியது. அப்படி வந்த தமிழாசிரியர்கள் பாடம் சொல்வதோடு ஊராரின் கடிதங்களையும் எழுதினார்கள், வந்த கடிதங்களைப் படித்தும் காட்டினார்கள். மணியார்டர் தொகை, பெண்ணின் கல்யாணம், தம்பியின் நிலத் தகராறு, குடித்துவிட்டு அடிக்கும் கணவன் எல்லாம் ஆசிரியர் வீட்டுத் திண்ணையைக் கடந்தே ஊர் போய்ச் சேர்ந்தன. அதிகாரிகளுக்கு மனு எழுத நகரத்தில் மனு எழுதுவோர் இருந்தனர். இந்திய அரசு மலாயாவில் அமர்த்திய ஏஜெண்டுக்கும் தோட்டங்களிலிருந்து முறையீடுகள் போயின. 1936 இறுதியில் இந்திய அரசின் சார்பில் இங்கு வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, தொழிலாளர் நிலை பற்றிய தம் அறிக்கையை 1937இல் வெளியிட்டார். தொழிலாளியின் குரல் அரசுக்கு எட்டுவதற்குள் அது எத்தனையோ கைகளைக் கடக்க வேண்டியிருந்தது.

தஞ்சோங் ரம்புத்தான்

மனநோய்க்கு மலாய் மாநிலங்களில் தனி மருத்துவமனை இல்லாத காலத்தில் நோயாளிகள் பலரைச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். 1911இல் ஈப்போவுக்கு வடகிழக்கே தஞ்சோங் ரம்புத்தானில் கூட்டரசு மனநோய்க் காப்பகம் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் 280 நோயாளிகள். முதல் கண்காணிப்பாளர் டாக்டர் டபிள்யூ. எஃப். சாமுவெல்ஸ். 1928இல் அது மத்திய மனநோய் மருத்துவமனை என்று பெயர் மாறியது. 1971இல் பகாகியா மருத்துவமனை ஆயிற்று. இன்று உலு கிந்தா பகாகியா மருத்துவமனை என்று அழைக்கப்படுகிறது.

தீபகற்பத்தின் பல பகுதிகளிலிருந்தும் இங்கு நோயாளிகள் வந்தார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லாரும் இருந்தனர். தோட்டத் தமிழர் ஒருவர் இங்கு வந்து சேரும் வழியைக் கவனித்தால் இடையாளின் கனம் புரியும். முதலில் அவரது நடத்தை விபரீதமாக இருப்பதாகக் கங்காணியோ உறவினரோ சொல்ல வேண்டும். தோட்ட டிரஸ்ஸர், போலீஸ், மாவட்ட மருத்துவர், நீதிபதி என்று அடுத்தடுத்த கைகளைக் கடந்து உத்தரவு வரும். மருத்துவரின் கேள்வியைத் தமிழில் சொல்லவும் நோயாளியின் பதிலை ஆங்கிலத்தில் சொல்லவும் பணியாளர் ஒருவர் நிற்பார். மனநோய் மருத்துவத்தில் நோயாளி சொல்வதே முதன்மையான சான்று. இரத்தப் பரிசோதனையைப் போல அதைக் குழாயில் எடுத்து அனுப்ப முடியாது. காவல் தெய்வம் முனியாண்டி கூப்பிடுகிறார் என்று ஒருவர் சொன்னால் அது வழிபாட்டு மரபுக்குள் நிற்கும் பேச்சா, நோயின் அறிகுறியா என்பதை மருத்துவருக்கு விளங்க வைக்கும் பொறுப்பு அந்தப் பணியாளரின் தலையில் விழுந்தது. அதற்கென்று அவர் படித்தவரும் அல்லர்.

ஜப்பானியர் ஆட்சிக் காலமான 1942 முதல் 1945 வரை மருத்துவமனை சீர்குலைந்தது. பசியாலும் நோயாலும் நோயாளிகள் பலர் இறந்தனர். போருக்குப் பின் புது மருந்துகள் வந்தன. 1952இல் மனநோய் பற்றிய அவசரச் சட்டம் இயற்றப்பட்டது. 1959இல் பினாங்குப் பொது மருத்துவமனையில் மனநலப் பிரிவு தொடங்கியபின், மனநோய் மருத்துவம் மெல்ல மெல்லப் பொது மருத்துவமனைகளுக்கும் பரவியது. ஆனால் அதற்குள் அந்த ஊர்ப்பெயரே நாடு முழுவதும் வசையாகிவிட்டது. தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒருவரைப் பார்த்துச் சொன்னால் பைத்தியம் என்று சொன்னதாக அர்த்தம். மனநலச் செய்தியை மறைக்க வேண்டும் என்ற அச்சத்துக்கு இந்தப் பழிச்சொல்லும் ஒரு காரணம். பெண் பார்க்க வரும் இடத்தில், வேலை கேட்கும் இடத்தில், வீட்டில் ஒருவர் அங்கு போய் வந்தார் என்ற செய்தி கசிந்தால் மொத்தக் குடும்பமும் விலை கொடுத்தது.

சட்டமும் இந்த அச்சத்தைப் பெருக்கியது. தற்கொலைக்கு முயல்வது தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. உதவி தேடிப் போனால் போலீஸ் வருமோ என்ற பயம் வீண்பயமல்ல. நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது 2023இல்தான். 2001இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டம், விதிமுறைகள் தயாரான பின் 2010இல் நடப்புக்கு வந்தது.

சட்டம் காத்த ஒரே இடையாள்

இடையாளின் வாயைச் சட்டம் எங்காவது கட்டியதா என்று பார்த்தால், ஓர் இடத்தில் கட்டியிருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தைத் தழுவியே மலாயாவிலும் சாட்சியச் சட்டம் அமைந்தது. இன்றுள்ளது 1950ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 126ஆவது பிரிவு, கட்சிக்காரர் தம்மிடம் சொன்னதை அவர் சம்மதமின்றி வழக்கறிஞர் வெளியிடக் கூடாது என்கிறது. 127ஆவது பிரிவு அதே கட்டுப்பாட்டை மொழிபெயர்ப்பாளருக்கும் வழக்கறிஞரின் குமாஸ்தாவுக்கும் பணியாளருக்கும் நீட்டுகிறது. மொழி தெரியாதவரின் இரகசியம் இரண்டு காதுகளில் விழுகிறது, எனவே இரண்டையும் பூட்ட வேண்டும் என்ற தெளிவு அன்றைய சட்டம் எழுதியவர்களுக்கு இருந்திருக்கிறது.

ஆனால் இந்தப் பூட்டு வழக்கறிஞரின் அறைக்கு மட்டுமே. மருத்துவரிடம் சொன்னதற்குச் சாட்சியச் சட்டத்தில் இதற்கு இணையான பாதுகாப்பு இல்லை. தொழில் ஒழுக்க விதிகளே அங்கு காவல். டிரஸ்ஸர், கிராணி, கடிதம் எழுதிய ஆசிரியர் ஆகியோரை எந்தப் பிரிவும் தொடவில்லை. தோட்டத் தொழிலாளரில் எத்தனை பேர் வழக்கறிஞரின் அறைக்குள் நுழைந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால், இந்தப் பாதுகாப்பு யாருக்குப் பயன்பட்டிருக்கும் என்பது விளங்கும்.

திரையின் அடியில் இரண்டு வரி

சொல்லைக் கொண்டு சேர்க்கும் வேலையில் ஆபத்தில்லாத, மகிழ்ச்சியான பக்கம் ஒன்றும் உண்டு. அது திரைப்படம். 1946இல் மலாயா திரைப்படப் பிரிவு தொடங்கியது. அதன் செய்திப் படங்கள் பல மொழி வருணனைகளோடு நடமாடும் வண்டிகளில் தோட்டங்களுக்கு வந்தன. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்ட் போராளிகளால் கொல்லப்பட்டு அவசரகாலம் பிறந்தபின், ஒலிபெருக்கி கட்டிய இந்த வண்டிகள் அரசுப் பிரச்சாரத்தின் முக்கியக் கருவியாயின. தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினால் சுற்று வட்டாரமே கூடும். கோயில் திருவிழாவில் காட்டும் தமிழ்ப் படத்துக்கு வருணனையும் வேண்டியிருக்கவில்லை, சப்டைட்டிலும் வேண்டியிருக்கவில்லை.

தமிழர் அல்லாதவரும் ஒரே பெட்டியின் முன் உட்கார்ந்தபோது நிலைமை மாறியது. 1963 டிசம்பர் 28இல் மலேசியத் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதில் வந்த தமிழ்ப் படங்களுக்கு மலாய் வரிகள் சேர்க்கப்பட்டன. மலாய், சீனக் குடும்பங்கள் எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் அறிந்தது இந்த வரிகளால். 1996இல் அஸ்ட்ரோ வந்து தமிழுக்கென வானவில் அலைவரிசையைத் தந்தபின் சப்டைட்டில் எழுதும் வேலையும் பெருகியது.

அந்த வேலை பார்வைக்கு எளிது, செய்கைக்குக் கடினம். திரையின் அடியில் அதிகம் போனால் இரண்டு வரி. ஒரு வரிக்கு ஏறத்தாழ 40 எழுத்து. ஐந்தாறு வினாடிக்குள் பார்வையாளர் படித்து முடித்து முகத்தைப் பார்க்க வேண்டும். மூச்சுவிடாமல் பேசும் வசனத்தில் பாதியைத் தள்ளி மீதியில் முழுப் பொருளையும் ஏற்ற வேண்டும். தொடக்கமும் முடிவும் வினாடியின் பின்னம் வரை குறிக்கப்பட வேண்டும். நகைச்சுவை வரி அரை வினாடி முந்தினாலும் சிரிப்பு போய்விடும்.

இந்த இரண்டு வரிகளின் வலிமையை 2015 டிசம்பரில் வெளியான ‘ஜகாட்’ காட்டியது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய இந்தப் படம், தோட்டங்களைவிட்டு வெளியேறிய தமிழர் 1990களின் தொடக்கத்தில் புறநகர்க் குடிசைகளில் தள்ளாடியதைச் சொல்கிறது. பேசுவது மலேசியத் தமிழ். மலாயும் சீனமும் இடையிடையே கலந்து வரும். 2016 மலேசியத் திரைப்பட விழாவில் தேசிய மொழியான மலாயில் இல்லாத படங்களுக்குத் தனிப் பிரிவு வைத்ததால் எதிர்ப்பு எழுந்தது. விருதுப் பிரிவுகள் மாற்றியமைக்கப்பட்டு, சிறந்த மலேசியப் படம் என்ற விருதை ‘ஜகாட்’ பெற்றது.

தோட்டம் கலைந்த பின்

படம் சொன்ன வெளியேற்றத்துக்கு வரலாறு உண்டு. 1950களிலும் 1960களிலும் வெளிநாட்டுக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன. அதைத் தடுக்கச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் நிறுவினார். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதற்கு இத்தனை ஆள் தேவையில்லை. பல குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங் போன்ற பகுதிகளுக்கும் பிற நகரங்களுக்கும் நகர்ந்தன. லயத்தின் கண்காணிப்பு ஒழிந்தது. ஆனால் அதோடு பக்கத்து வீட்டின் துணையும் போயிற்று. மலேசியாவின் பெரிய இனங்களுள் இந்தியரிடையே தற்கொலை விகிதம் அதிகம் என்று ஆய்வாளர் பல காலமாகச் சொல்லிவருகின்றனர்.

புதிய வகை இடையாள் இந்தக் காலத்தில்தான் வந்தார். 1953இல் லண்டனில் தொடங்கிய தொலைபேசித் துணை இயக்கத்தின் வழியில், 1970இல் கோலாலம்பூரில் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பு பிறந்தது. ஈப்போவிலும் அது இயங்குகிறது. பேசுபவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை. கேட்பவர் அதை வெளியே சொல்லக் கூடாது. கூலியைப் பிடிக்கவோ வேலையை நிறுத்தவோ இந்தக் கேட்பவருக்கு அதிகாரம் இல்லை. தோட்டத்துக் கிராணிக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு அதுதான். 2022இல் சுகாதார அமைச்சு 15555 என்ற மனநல உதவி எண்ணைத் தொடங்கியது.

இயந்திரம் இடையாளான கதை

இயந்திரத்திடம் மனம் திறப்பது புதிதல்ல. 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் எலிசா என்ற உரையாடல் நிரலை வெளியிட்டார். நாம் சொல்வதையே கேள்வியாகத் திருப்பிப் போடும் எளிய நிரல் அது. அதை அவர் உருவாக்கியதைக் கூட இருந்து பார்த்த அவரது செயலாளரே, இரண்டொரு பேச்சுக்குப் பின் தம்மை அதனோடு தனியே விடும்படி அவரைக் கேட்டுக்கொண்டார். தனிமை வேண்டும் என்ற உணர்வு அங்கேயே பிறந்துவிட்டது. 2022 நவம்பர் 30இல் சாட்ஜிபிடி வந்தபின் இந்த வழக்கம் எல்லாருடைய கைப்பேசிக்கும் வந்தது. நள்ளிரவிலும் பதில், தமிழிலும் பதில், முகம் சுளிக்காத பதில், இலவசப் பதில். தஞ்சோங் ரம்புத்தான் என்ற பெயருக்கு அஞ்சி வளர்ந்த சமூகத்தை இது ஈர்ப்பதில் வியப்பில்லை.

சப்டைட்டில் துறையில் மாற்றம் இன்னும் வெளிப்படை. கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011இல் சேர்ந்தது. 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட விஸ்பர், 6,80,000 மணிநேர ஒலியில் பயின்ற பேச்சறி நிரல், தமிழையும் எழுத்தாக்கும். 2023 இறுதியில் சிங்கப்பூரிலிருந்து வந்த சீ லயன் மொழி மாதிரியும் தமிழை உட்கொண்டது. ஒரு மணிநேர வீடியோவுக்கு ஒரு நாள் எடுத்த வேலையின் முதல் வரைவு இப்போது சில நிமிடங்களில் கிடைக்கிறது. எனினும் இவற்றின் பயிற்சியில் தோட்டத் தமிழ் மிகச் சொற்பம். தோட்டம் என்றால் பூந்தோட்டம், கம்பம் என்றால் தூண் என்று கொள்ளும் நிரலுக்கு எஸ்டேட்டும் மலாய்க் கிராமமும் கண்ணில் படாது. மூன்று மொழி கலந்த பேச்சில் எங்கே எது மாறுகிறது என்பதிலும் அது தடுமாறும். முதியவர்களின் தோட்ட நினைவுகளைப் பதிவு செய்பவர்கள், அந்தப் பேச்சை அறிந்த ஒருவரை வரிக்கு வரி சரிபார்க்க வைத்தால்தான் பதிவு நிற்கும்.

பிழையைத் திருத்தலாம், கசிந்த இரகசியத்தைத் திரும்பப் பெற முடியாது. பின்லாந்தில் வாஸ்தாமோ என்ற உளசிகிச்சை நிறுவனத்தின் குறிப்புகளைத் திருடியவர், 2020இல் நோயாளிகளையே நேரடியாக மிரட்டிப் பணம் கேட்டார். 2025 மே மாதம், நியூயார்க் டைம்ஸ் தொடுத்த வழக்கில், பயனர்கள் அழித்த உரையாடல்களையும் பாதுகாத்து வைக்கும்படி அமெரிக்க நீதிமன்றம் ஓப்பன்ஏஐக்கு உத்தரவிட்டது. அந்தக் கடப்பாடு செப்டம்பர் வரை நீடித்தது. அமெரிக்காவில் மருத்துவரிடமும் வழக்கறிஞரிடமும் பேசுவதற்குள்ள சட்டக் காப்பு சாட்ஜிபிடி உரையாடலுக்கு இல்லை என்பதை அதே ஆண்டு ஜூலையில் அந்நிறுவனத் தலைவர் சாம் ஆல்ட்மனே ஒப்புக்கொண்டார்.

மலேசியாவில் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. மனநலச் செய்தியை அது உணர்திறன் மிக்க தரவாக வகுத்து, வெளிப்படையான சம்மதம் கேட்கிறது. 2024 திருத்தத்தின்படி, தரவு கசிந்தால் ஆணையருக்கு அறிவிக்கும் கடமை 2025 ஜூன் முதல் நிறுவனங்களுக்கு உண்டு. ஆனால் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கு மட்டுமே. கூட்டரசும் மாநில அரசுகளும் அதற்கு வெளியே. சாட்சியச் சட்டத்தின் 127ஆவது பிரிவு சொல்லும் மொழிபெயர்ப்பாளரோ மனிதர்தான். நிரல் அந்த இடத்தில் நிற்குமா என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

பேராக் தமிழரின் நூறாண்டு அனுபவம் தரும் தீர்ப்பு இது: இடையாளின் திறமை வேறு, கடமை வேறு. கிராணிக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரிந்திருந்தது. தொழிலாளியின் இரகசியத்தைக் காக்கும் கடமை அவருக்கு இல்லை. இன்றைய நிரலுக்கும் மொழி தெரியும். கடமை இன்னும் எழுதப்படவில்லை. வீடியோவின் சப்டைட்டில் வேலையை அதனிடம் கொடுத்து, அறிந்தவர் கையால் திருத்திக்கொள்ளலாம். குடும்பத்தின் ஒலிப்பதிவாக இருந்தால், விஸ்பர் போன்ற நிரலைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டினால் அது வீட்டைவிட்டு வெளியே போகாது. மனத்தின் துயரைச் சொல்வதற்கு, காக்கும் கடமையை ஏற்ற மனிதரே வேண்டும். தமிழ் பேசும் மருத்துவர், ஆலோசகர், தன்னார்வலர் எண்ணிக்கையை அரசும் சமூக அமைப்புகளும் பெருக்க வேண்டும். நூற்றாண்டுக்கு முன் மொழிபெயர்ப்பாளரை வழக்கறிஞரோடு சேர்த்துக் கட்டிய சட்டம், நிரலை நடத்தும் நிறுவனத்தையும் அதேபோல் கட்ட வேண்டும்.